பின்னங்கால்களுக்கு இரண்டு வரி

நவம்பர் 13, திங்கள்

கிறிஸ்துமஸ் நாடக ஒத்திகை முதல் நாள். க்ரிம்ஸ்பியில் மழை. தேவாலயக் கூடத்தில் வழக்கம்போல வட்டமாக நாற்காலிகள், வழக்கம்போல ஹீட்டர் வேலை செய்யவில்லை. எல்லோரும் மஞ்சள் மார்க்கர் பேனாவை எடுத்து அவரவர் வசனத்துக்குக் கோடு போட்டார்கள். நானும் எடுத்தேன். ஏழு வருடத்துக்கு முன் வாங்கிய பேனா. இன்னும் மை நிறைய இருக்கிறது. பசுவின் பின்னங்கால்களுக்கு ஏது வசனம்? இருபத்து மூன்றாம் பக்கத்தில் "பசு வாலை ஆட்டுகிறது" என்று இருந்தது. அதற்குக் கோடு போட்டேன். பக்கத்து நாற்காலிப் பெண் மரியாதையாக வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள்.

ஒரே பசு வேஷத்துக்குள் இரண்டு பேர். முன்னங்கால்கள் இந்தக் கிறிஸ்துமஸுக்கும் பெர்னிதான். தலை அவனுடையது, கண் அவனுடையது, கைதட்டலும் அவனுடையது. நான் குனிந்து அவன் இடுப்பு பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு பின்னால் போகிறவன்.

"டேய் நெவ், இந்த வருஷமும் நீதானா? ஊர்ல வேற முதுகே இல்லையா?" என்றான்.

"மத்தியானம் மட்டும் பீன்ஸ் சாப்பிடாதே. உன் கால்ல வேணா விழறேன்" என்றேன்.

"விழ வேண்டாம். ஏற்கெனவே அங்கேதானே இருக்கே."

எங்கள் அரங்க மேலாளர் இந்த முறை ரோ. என் மகள் ரோவீனா, இருபத்திரண்டு வயது, இதுதான் அவளுக்கு முதல் பெரிய வேலை. நாடகப் புத்தகம் அவள் மேசையில். விளக்கு எப்போது எரியணும், திரை எப்போது விழணும், எல்லாம் அவள் வாயால் சொன்னால்தான் நடக்கும். காலையில் காரிலேயே சொல்லிவிட்டாள்: "உள்ள போனதும் நான் உனக்கு மக இல்ல, நீ எனக்கு அப்பா இல்ல. சரியா?"

"சரிம்மா."

"அம்மாவும் வேண்டாம்."

பதினோரு மணிக்கு எல்லோர் முன்னாலும்: "மிஸ்டர் டன்ஸ்டன், உங்க பெட்டிய வழியிலேருந்து எடுக்கறீங்களா?" எடுத்தேன். பெருமையாக இருந்தது. முதுகும் பிடித்துக்கொண்டது.

நவம்பர் 16, வியாழன்

என் வாய் இருக்கிறதே!

பசுவை விற்கும் காட்சி. கெல்வின்தான் இந்த நாடகத்தை எழுதியவர், இயக்குகிறவர், கதாநாயகனின் ஏழைத்தாயாகப் பாவாடை கட்டி வருகிறவரும் அவரே. ஆறடி இரண்டு அங்குலம். பசுவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "இவளை விட்டா எனக்கு யாரு இருக்கா?" என்று அழுதார். உள்ளே இருட்டில், சூட்டில், என்னையறியாமல் சொல்லிவிட்டேன்: "உங்களுக்காவது இவ இருக்கா. எனக்கு பெர்னியோட பின்புறம்தான் இருக்கு."

கூடம் சிரித்தது. டீ போடுகிற அம்மாள் கோப்பையை வைத்துவிட்டுச் சிரித்தாள். பெர்னி சிரித்ததில் பசுவின் முன்பக்கம் குலுங்கியது. நான் தலையை வெளியே எடுத்தபோது கெல்வின் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். யாருக்கோ வேலை கூடப்போகிறது.

நவம்பர் 17, வெள்ளி

கூடிவிட்டது. எனக்குத்தான்.

"செல்லம், கடைசி ஈரடி உனக்கு" என்றார் கெல்வின். ஆட்டம் முழுக்கப் பேசாத பசு, முடிவில் இரண்டாகப் பிளக்கும். பின்பக்கத்திலிருந்து நான் எழுந்து முன்னால் வந்து, அந்த இரண்டு வரியைச் சொல்ல வேண்டும். என் கடைசி வார்த்தையில் திரை விழும்.

கிறிஸ்துமஸ் நாடகத்தில் கடைசி ஈரடி என்றால் சும்மா இல்லை. முதல் நாள் ஜனங்கள் வந்து உட்காரும்வரை அதைத் தியேட்டருக்குள் யாரும் வாய்விட்டுச் சொல்லக்கூடாது. சொன்னால் ஆட்டம் விளங்காது. ஒத்திகையில் அந்த இடம் வந்ததும் "டம் டம் டம்" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போவோம். புத்தகத்தில்கூட அச்சடிப்பதில்லை. மடித்த காகிதத்தில் கையில் கொடுத்தார். ஆக, சொல்லப்போகிறவனுக்கு அது வாயில் வருமா வராதா என்பது முதல் நாள் வரை யாருக்கும் தெரியாது.

சொல்லப்போகிறவனுக்கும்.

நவம்பர் 18, சனி

இதை இதுவரை எங்கேயும் எழுதியதில்லை. எழுதிவிடுகிறேன்.

பதினாறு வருடத்துக்கு முன், ப்ரிட்லிங்டனில் ஒரு கொலை நாடகம். நான் டாக்டர். தரையில் பிணம். நான் மண்டியிட்டு, நாடி பார்த்து, "இவர் இறந்து மூன்று மணி நேரமாகிறது" என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் என் பங்கு. மண்டியிட்டேன். நாடி பார்த்தேன். வாயைத் திறந்தேன். ஒன்றுமே இல்லை. துடைத்துவிட்ட மாதிரி. எவ்வளவு நேரம் என்று தெரியாது — பிணம் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தது. அவ்வளவு நேரம்.

அப்போதுதான் மூன்றாவது வரிசையில் ரோ, ஆறு வயசு, அம்மா மடியில் எழுந்து நின்று கத்தினாள்: "அப்பாவுக்குத் தெரியும்! வீட்ல சொன்னாரே!"

சிரிப்பு. திரை.

அதற்குப் பிறகு எங்கே கூப்பிட்டாலும் மிருகம்தான் கேட்டு வாங்கிக்கொண்டேன். ஒட்டகம், எருது, குதிரை இரண்டு முறை, டிராகன் வால் ஒரு முறை. வருடத்தில் மீதி மாதங்களுக்கு சலவைக் கம்பெனி வண்டி ஓட்டுகிறேன். வாயைத் திறக்காமல் பிழைக்கிற நடிகன் இங்கிலாந்திலேயே நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

என் மனைவி ஹிலரியிடம் சொன்னேன். மீனை வாணலியில் திருப்பிப் போட்டுக்கொண்டே, "முடியும்னு சொல்லு, இல்ல முடியாதுன்னு சொல்லு. ரெண்டும் சொல்லாம பாத்ரூம்ல போய் முணுமுணுக்காதே" என்றாள். இத்தனை வருடக் குடித்தனத்தில் இவ்வளவு நல்ல யோசனை அவள் சொன்னதில்லை. நான் கேட்டதும் இல்லை.

நவம்பர் 20, திங்கள்

கெல்வினிடம் முடியும் என்று சொல்லிவிட்டேன். ஏன்டா சொன்னே?

நவம்பர் 24, வெள்ளி

தியேட்டருக்குள்தானே சொல்லக்கூடாது? காரில் சொன்னேன். குளிக்கும்போது சொன்னேன். சூப்பர் மார்க்கெட்டில் உறைந்த பட்டாணிப் பெட்டியைப் பார்த்துச் சொன்னேன். கடல் ஓரத்தில் உரக்கச் சொன்னபோது ஒரு நாய் தன் எஜமானரை இழுத்துக்கொண்டு ஓடியது. நானூறு தடவை ஆகியிருக்கும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும். ஹிலரி எழுப்பிக் கேட்டாள். வந்தது.

இந்த நோட்டில் மட்டும் எழுதமாட்டேன். இதைத் தியேட்டர் பையில்தான் வைத்திருக்கிறேன், ஆபத்து.

நவம்பர் 30, வியாழன்

பெர்னி மதியம் பீன்ஸ் சாப்பிட்டான். வேறு ஒன்றும் எழுதுகிற நிலையில் இல்லை.

டிசம்பர் 5, செவ்வாய்

கெடுத்துவிட்டேன்.

இன்று தியேட்டரில் விளக்கு ஒத்திகை. காட்சிக்குக் காட்சி நிறுத்தி, விளக்கைச் சரிசெய்து, மறுபடி தொடங்கி... பசு மேடை ஓரத்தில் நாற்பது நிமிடம் நின்றது. உள்ளே இருட்டு. கதகதப்பு. என் நெற்றி பெர்னியின் முதுகில். கண் சொருகுகிறது. வாய் தானாகவே ஓட ஆரம்பித்துவிட்டது, பழக்கதோஷம். இரண்டு வரியையும். முழுசாக. ராகம் போட்டு.

பசுவின் முன்பக்கம் விறைத்தது.

"நீ இப்ப என்ன சொன்னே?"

"ஒண்ணுமில்ல."

"சொன்னே. சொன்னடா பாவி! உள்ள வச்சே சொன்னே!"

பெர்னி தலையைக் கழற்றி எறிந்துவிட்டு நடந்தான். நான் இன்னும் பெல்ட்டைப் பிடித்திருந்தேன், அதனால் நானும் நடந்தேன். மேடை நடுவுக்கு வந்துவிட்டோம். "பின்பக்கம் ஈரடியைச் சொல்லிட்டான்!" என்று அவன் கூவினான். யாரோ ஐயையோ என்றார்கள். கெல்வின் பாவாடையோடு உட்கார்ந்துவிட்டார். விளக்குக்காரர் மேலேயிருந்து, "ஏணியில நிக்கறவன நெனச்சுப் பாத்தீங்களாய்யா?" என்றார்.

பரிகாரம் உண்டே. மேடை வாசல் வழியாகத் தெருவுக்குப் போய், மூன்று முறை சுற்றி, துப்பி, ஒரு கெட்ட வார்த்தை சொல்லி, கதவைத் தட்டி, உள்ளே வரலாமா என்று கேட்க வேண்டும். ஆலங்கட்டி மாதிரி மழை. பசுவின் பின்கால் சட்டையோடு, மடி தொங்க, நான் தெருவில் சுற்றினேன். எதிரே பேருந்துக்கு ஒன்பது பேர் நின்றார்கள். ஒரு கிழவி, "தம்பி, அரை லிட்டர் கெடைக்குமா?" என்று கேட்டாள். கெட்ட வார்த்தை அப்போது இயல்பாகவே வந்தது. அவளைப் பார்த்துச் சொல்லவில்லை.

கதவைத் தட்டினேன். திறந்தது ரோ. முகத்தில் ஒன்றும் இல்லை.

"யாரு?"

"பின்னங்கால். உள்ள வரலாமா?"

"வாங்க, மிஸ்டர் டன்ஸ்டன்."

டிசம்பர் 6, புதன்

பெர்னிக்குப் பரிகாரம் போதவில்லை. "சொன்ன வரி எரிஞ்ச வரி. அதை முதல் நாள் சொன்னா நான் தலைய மாட்ட மாட்டேன்" என்று நிற்கிறான். தலை இல்லாமல் பசு எப்படி? மற்றவர்களும் அவன் பக்கம்தான். வேடிக்கை என்னவென்றால், நானும் அவன் பக்கம்தான். வேறு யாராவது சொல்லியிருந்தால் நானே முதலில் கத்தியிருப்பேன்.

கெல்வின் முடிவு சொல்லிவிட்டார். அந்த ஈரடி போச்சு. புதுசு எழுதுவார். வெள்ளிக்கிழமை, ஆட்டத்துக்கு அரைமணி முன் என் கையில் தருவார், அதற்கு முன்னால் தந்தால் நான் அதையும் சொல்லித் தொலைப்பேன் என்று பயம்.

நானூறு தடவை. எல்லாம் கடலில் போட்ட உப்பு.

காரில் ரோ சாவியைப் போட்டு வண்டியைக் கிளப்பினாள். பிறகு, "திட்டலாம்னா, திட்ட வேண்டியது அப்பாவையா, மிஸ்டர் டன்ஸ்டனையான்னு தெரியல" என்றாள்.

"ரெண்டு பேரும் தயார்."

"வேண்டாம்னா இப்பவே சொல்லிடுப்பா. கெல்வின் சொல்லிக்குவாரு. யாரும் தப்பா நெனைக்க மாட்டாங்க. ஆனா நீ அங்க வந்து நின்னுட்டா, உன் கடைசி வார்த்தைக்குத்தான் என்னால திரைய எறக்க முடியும். நீ சொல்லலன்னா எல்லாரும் அப்படியே நிக்க வேண்டியதுதான்."

"மறந்துட்டா ஓரத்திலேருந்து வரிய எடுத்துக் கொடுப்பியா?"

"கொடுப்பேன். அது என் வேல."

"கொடுக்காதே."

வண்டியை ஓரமாக நிறுத்தினாள். "என்னப்பா சொல்றே?"

எனக்குச் சரியாகச் சொல்ல வரவில்லை. எழுத்திலாவது வருகிறதா பார்க்கிறேன். அவள் எடுத்துக்கொடுத்து நான் சொன்னால், அது ப்ரிட்லிங்டன்தான். மறுபடியும் மூன்றாவது வரிசையிலிருந்து அவள் என்னைக் காப்பாற்றுகிறாள். அப்புறம் நான் சாகிறவரை வால்தான். எத்தனை வயசானாலும் மகள் முன்னால் ஒரு தடவை... ஒரே ஒரு தடவை. அவ்வளவுதான் கேட்கிறேன்.

"கொடுக்காதேம்மா" என்று மட்டும் சொன்னேன். அவள் வண்டியை எடுத்தாள்.

டிசம்பர் 8, வெள்ளி, காலை

முட்டை இறங்கவில்லை. ஆட்டம் ஒன்றரை மணிக்கு. எட்டுப் பள்ளிக்கூடம், எழுநூறு குழந்தைகள்.

டிசம்பர் 8, வெள்ளி, மாலை

மறப்பதற்குள் எழுதிவிட வேண்டும்.

ஒரு மணிக்கு ஒலிபெருக்கியில் ரோவின் குரல்: "அரைமணி அழைப்பு. மிஸ்டர் டன்ஸ்டன், மிஸ்டர் கெல்வின் உங்களைத் தேடறாரு." காகிதம் வந்தது. புது ஈரடி. நல்ல வரிகள்தான். பழையதைவிட நீளம். படித்தேன், மனசில் நின்றது. நடந்தேன், நின்றது. படி ஏறினேன், போய்விட்டது. சரி என்று நீலப் பேனாவால் இடது உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன். அந்தப் புத்திசாலித்தனத்தில் எனக்கே ஒரு சந்தோஷம். பசுவின் உள்ளே எவ்வளவு வேர்க்கும் என்று பதினாறு வருட அனுபவம் உள்ள எனக்குத் தெரியாதா? தெரியும். அந்த நேரத்தில் தோன்றவில்லை.

ஆட்டம் பறந்தது. அரக்கனின் ஆள் கதாநாயகன் முதுகுக்குப் பின்னால் வரும்போதெல்லாம், கிறிஸ்துமஸ் நாடக வழக்கப்படி அவனை எச்சரித்து, எழுநூறு குழந்தைகளும் "பின்னாடி! பின்னாடி!" என்று அலறின. பசு வாலை ஆட்டியது. சிரிப்பு. இருபத்து மூன்றாம் பக்கம், மஞ்சள் கோடு.

பிறகு முடிவு. எல்லோரும் ஜிகினாவோடு படியிறங்கி வந்து வணங்கினார்கள். கடைசியாகப் பசு. பெர்னி நின்றான், ஜிப் பிரிந்தது, நான் நிமிர்ந்து வெளியே வந்தேன். குழந்தைகள் "ஓ!" என்றன. உள்ளே ஓர் ஆள் இருப்பதை அதுவரை அவை யோசிக்கவில்லை போலும். மூன்றடி முன்னால் நடந்தேன். கையைப் பார்த்தேன்.

நீலமாக ஒரு குளம்.

வாயைத் திறந்தேன். பழைய வரி நாக்கு நுனிக்கு வந்தது. அதைச் சொல்லக்கூடாது. புது வரி? ஒன்றும் இல்லை. அதே ப்ரிட்லிங்டன். அதே துடைத்துவிட்ட வெறுமை. வாத்தியக்காரர் கையைத் தூக்கி வைத்துக்கொண்டு என்னைப் பார்க்கிறார். கெல்வினின் பொய்மார்பு ஏறி இறங்குகிறது.

ஓரத்தில் ரோ. மேசை விளக்கு வெளிச்சத்தில் அவள் முகம் தெரிந்தது. புத்தகத்துக்குள் புது ஈரடிக் காகிதத்தின் நகல், விரல் அந்த வரியில். வாய் பாதி திறந்தது. எடுத்துக் கொடுக்கப் போறா, கொடுக்கப் போறா... அவள் என்னைப் பார்த்தாள். பிறகு புத்தகத்தை மூடினாள். மூடி, அதன்மேல் கையை வைத்துக்கொண்டாள்.

அடி பாவிப் பெண்ணே, நிஜமாவே மூடிட்டியா?

அப்போது மாடியிலிருந்து ஒரு பொடியன் குரல்: "மாமா! உனக்குப் பின்னாடி!" உடனே எழுநூறும்: "பின்னாடி! பின்னாடி! பின்னாடி!"

திரும்பிப் பார்த்தேன். அரக்கன் ஆள் யாரும் இல்லை. பெர்னி நின்றுகொண்டிருந்தான், பசுத்தலையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, வேர்த்து விறுவிறுத்து, என் பின்னால். இத்தனை வருடமாக நான் அவன் பின்னால். இன்று அவன் என் பின்னால். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மேடையில், வெளிச்சத்தில், வாய்விட்டுச் சிரித்தேன். சிரித்ததும் தொண்டை திறந்தது. ஜனங்கள் பக்கம் திரும்பிச் சொன்னேன்:

"முன்னாலே போனவன் மூஞ்சியைப் பாத்தீங்க, கைதட்டி ஆரவாரம் பண்ணியாச்சு!
பின்னாலே வந்தவன் வாயத் திறந்திட்டான், பசுவுக்கே இன்னிக்குப் பேச்சு வந்தாச்சு!"

எங்கிருந்து வந்தது என்று கேட்டால் தெரியாது. கெல்வின் எழுதியது இல்லை. யாரும் எழுதியது இல்லை. கடைசி எழுத்து என் வாயை விட்டுப் போன அதே நொடியில் திரை விழுந்தது, கத்தியால் வெட்டிய மாதிரி. அந்தப் பக்கம் கூரை பிய்ந்துபோகிற சத்தம். இந்தப் பக்கம் பெர்னி என்னைத் தூக்கிவிட்டான். கெல்வின், "அது என் வரி இல்லையே!" என்றார், கட்டிக்கொண்டு அழுதுகொண்டே. அவருடைய வரி எங்கே போயிற்று என்பதும் பிறகு தெரிந்தது. பெர்னியின் வெள்ளைச் சட்டை முதுகில், பெல்ட்டுக்கு மேலே, நீலத்தில், இடவலம் மாறி, அழகாக அச்சாகியிருந்தது.

ஒலிபெருக்கி: "மிஸ்டர் டன்ஸ்டன், மேலாளர் மேசைக்கு வாங்க."

போனேன். ரோ விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்க்கவில்லை.

"நான் வேற வரி சொன்னேனே, அதான் கடைசி வார்த்தைன்னு உனக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்று கேட்டேன்.

"உன் மூச்சப் பாத்தேன். முடிக்கப் போறவன் மூச்சு வேற." காதிலிருந்த கருவியைக் கழற்றி மேசையில் வைத்தாள். கண் சிவந்திருந்தது. "இதை வீட்ல சொன்னதே இல்லையேப்பா" என்றாள்.

தியேட்டருக்குள் அப்பா என்று கூப்பிட்டுவிட்டாள். விதியை அவள்தான் போட்டாள், அவள்தான் மீறினாள்.  மேலாளரிடம் குற்றம் கண்டுபிடிக்க நான் யார்?

டிசம்பர் 9, சனி

ஒவ்வோர் ஆட்டத்துக்கும் மேலாளர் அறிக்கை எழுதி அறிவிப்புப் பலகையில் குத்துவது வழக்கம். நேற்றைய அறிக்கையை இன்று காலை மூன்று முறை படித்தேன். நான்காவது முறை படிக்கும்போது பெர்னி பார்த்துவிட்டான், ஷூவுக்குக் கயிறு கட்டுவதுபோல் குனிந்துகொண்டேன். இப்படி இருந்தது:

"முதல் பாதி 58 நிமிடம். இரண்டாம் பாதி 49 நிமிடம். மூன்றாம் காட்சியில் வாளி உருண்டது. இறுதி ஈரடிக்கு முன் பதினோரு நொடி மௌனம். ஈரடி எழுதியபடி இல்லை. மாற்ற வேண்டாம். — ரோ. டன்ஸ்டன்."

ஜனவரி 7, ஞாயிறு

கடைசி ஆட்டம். மொத்தம் ஐம்பத்தாறு. ஐம்பத்தாறு முறையும் சொன்னேன். ஐம்பத்தாறு முறையும் பதினோரு நொடி நின்றுவிட்டுத்தான். கெல்வின் அந்த மௌனத்தையும் வைத்துக்கொள்ளச் சொன்னார். சிரிப்பு அதில்தான் இருக்கிறதாம்.

செப்டம்பர் 17, செவ்வாய்

சலவை வண்டியிலிருந்து வீட்டுக்கு வந்தபோது தபாலில் கெல்வினின் இந்த வருட நாடகப் புத்தகம். கூடவே பெர்னியிடமிருந்து ஒரு செய்தி: "ஒட்டகத்தோட பின்னங்காலுக்குப் புதுசா ஒருத்தர் வந்திருக்காராம். என் பெல்ட்டப் புடிக்கத் தெரியுமான்னு கேட்டியா? துரோகி."

ஹிலரி டீ வைத்தாள். மேசை முன் உட்கார்ந்து மஞ்சள் பேனாவை எடுத்து, இந்த வருடம் என் வேஷமான ஊர் மேயர் பேசுகிற இடங்களுக்குக் கோடு போட ஆரம்பித்தேன்.

முப்பத்தொன்றாம் பக்கத்தில் மை தீர்ந்துவிட்டது. மழையில் நடந்து, மூலைக்கடைக்குப் போய், இன்னொன்று வாங்கி வந்தேன்.